பெரியாற்றணையும் அதன் வேலைக்களமும்

இராஜபாளையத்தினின்றும் ஸ்ரீவில்லிபுத்தூரினின்றும் மேற்கே நோக்குவார்க்கு மலைத்தொடர் ஒரு நெடுமதில்போலத் தோன்றும். அம்மதிலின் கிழக்கே வாழ்வார் கண்மாய் வற்றி வானை நோக்கியிருக்க, அதன் மேற்கே பொழியும் பெருமழை மேல்கடலிற் சென்று வீழ்தல் நெடுங்காலமாய் நிகழ்ந்து வந்தது. இவ்வூர்கட்குத் தெற்கே சிவகிரி மலைப்பகுதியிற் றோன்றும் பெரியாறும் அங்ஙனம் மேற்கே ஓடுவதே. அதனை மறித்துக் கிழக்கே திருப்பி வைகையொடு கூட்டிய செய்தி யாவரும் அறிந்தது. ஆயின், அவ்வணையைக் கட்டினார்க்கு வேலைக்களத்தில் நேர்ந்த இடர்கள் யாவை, அவற்றை எவ்வாறு தீர்த்தனர் என்பதனை எடுத்துரைப்பார் சிலரே. அதனையே ஈண்டு ஒருசிறிது ஆராயப் புகுகின்றாம்.

எண்ணம் புதியதன்று. 1789-ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாகிய முத்திருளப்ப பிள்ளை ஆட்களை விடுத்து அம்மலையிடத்தை ஆராய்வித்தார். கருத்து நன்றெனக் கண்டும் பொருளின்மையால் அது நின்றது. 1808-இல் காப்டன் கால்டுவெல் என்பார் சென்று பார்த்து, இது கைகூடாக் கனவென ஒதுக்கினார். 1850-இல் சிறியதோர் அணை கட்டத் தொடங்கினர், காய்ச்சல் மிகுந்தது, ஆட்கள் கூலி மிகுதியாகக் கேட்டனர், வேலை கைவிடப்பட்டது. இதனை நேயர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். அம்முயற்சியை வீழ்த்தியன நோயும் கூலியுமே. பின்னர் 1867-இல் மேஜர் ரைவ்ஸ் மண்ணணை ஒன்றுக்குத் திட்டம் வகுத்தார். அதன்பின் 1876-77-இல் தாது வருஷப் பஞ்சம் வந்து, நீரின்றேல் மதுரை நாட்டார்க்கு உய்வில்லை என்பதனை யாவர்க்கும் உணர்த்திற்று. 1882-இல் ஜான் பென்னிகுவிக் என்னும் எஞ்சினீயரிடம் இப்பொறுப்பு வந்தது. திருவிதாங்கூர் அரசரோடு 1886 அக்டோபர் 29-இல் உடன்படிக்கை முடிய, 1887-இல் வேலை தொடங்கிற்று.

வைகை பெருகிக் கரை உடைந்தஞான்று ஊரார்க்குக் கரையைப் பங்கிட்டு அளந்துவிட்டதும், வந்தியின் பங்கை அடைக்க இறைவன் கூலியாளாய் வந்தருளியதும் சைவர் அறிந்த வரலாறு. ஆண்டுப் பங்கிடுதற்கு ஊர் இருந்தது. பெரியாற்றங்கரையிலோ ஊரே இல்லை. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், யானைக் காட்டினுள், புகைவண்டிப் பாதைக்கு எழுபது மைலுக்கு அப்பால் அக்களம் கிடந்தது. மழையும் காய்ச்சலும் ஆண்டின் பெரும்பகுதியில் வேலையை ஒழித்தன. ஆகவே, முதற்கண் சென்னைப் பயனியர் படையின் பட்டாளத்தார் கொண்டுவரப்பட்டனர். மரவேலைக்குக் கொச்சியிலிருந்து போர்த்துகேசியத் தச்சர் வந்தனர். பின்னரே கீழ்நாட்டுக் கூலியாட்கள் திரளாகச் சேர்ந்தனர். காய்ச்சலுக்குக் காரணம் கொசுவென்பதனை ரொனால்டு ராஸ் சிகந்தராபாத்தில் கண்டது 1897-இல். அஃதாவது அணை முடிந்து ஈராண்டு கழித்து. காரணம் அறியாதார், எக்காலத்து நோய் மிகும் என்பதனை மட்டும் பட்டறிந்து, அக்காலத்தில் ஆட்களைக் கீழே இறக்கிவிடுதலன்றி வேறு செய்யவல்லார் அல்லர்.

இனிச் சுண்ணாம்பின் செய்தி. நீருள் நின்று இறுகும் சாந்து வேண்டும். இங்கிலாந்துச் சிமெண்டை மலைமேல் ஏற்றுதல் பெருஞ்செலவு. இந்நாட்டில் சிமெண்டு செய்யும் முயற்சியோ சென்னையில் 1904-இல்தான் தோன்றிற்று. (சிமெண்டுத் தொழிலால் பெயர்பெற்ற இராஜபாளையத்தார்க்கு இது வியப்பாயிருக்கும்; அவ்வூரார் தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ் 1957-இல் எழுந்தது.) ஆதலின் நம் கொத்தர்கள் வழிவழியாய்க் கையாளும் சுண்ணாம்பும் சுருக்கியுமே தெரிந்துகொள்ளப்பட்டன. சுருக்கியென்பது சுட்ட செங்கற்பொடி. வெறுஞ்சுண்ணாம்பு காற்றுப்பட்டே இறுகும். சுருக்கி கலந்ததோ நீரினுள்ளும் இறுகும். உரோமர் எரிமலைச் சாம்பலைக் கலந்ததும் இந்நோக்கம் பற்றியே. அணையின் இருமுகமும் கருங்கற்கட்டு, நடுவயிறு முழுதும் சுண்ணாம்புச் சுருக்கிக் கலவை என்றவாறு அமைத்தனர். கல் காட்டிலேயே கிடைத்தது. சுண்ணாம்புக்கல் அடிவாரத்துக் குருவனூற்றுப் பக்கத்திலே இருந்தது. அதனை மாட்டுவண்டியில் மலையேற்றினால் ஆண்டுகள் பல செல்லும். ஆகவே கம்பிவடம் கட்டி, அந்தரத்திற் சுமையைத் தேக்கடிக்கு ஏற்றினர். அப்பால் காட்டாற்றைத் தேக்கி வாய்க்காலாக்கிப் படகில் அணைக்குச் செலுத்தினர். அணை கட்டுவதற்கு முன்னர் வழி கட்டவேண்டிற்று.

எல்லாவற்றினும் கொடியது ஆறே. வெள்ளத்தை நிறுத்திவைத்து அடிக்கல் நாட்டல் ஒருவர்க்கும் இயலாது. நீர் சிறுத்த காலத்து ஆற்றின் ஒரு கூற்றைக் குரம்பிட்டு மறித்து, நீரை மற்றொரு கூற்றில் ஒதுக்கி, உள்ளே இறைத்து உலர்த்திக் கட்டல் வேண்டும். அக்குரம்புகளை வெள்ளம் மீட்டும் மீட்டும் வாரிச்சென்றது; மீட்டும் மீட்டும் இட்டனர். ஈண்டே கற்கட்டின் சிறப்பு விளங்கும். பாதி எழுந்த மண்ணணைமேல் வெள்ளம் ஏறின் அணை முழுதும் கரைந்தொழியும். கற்கட்டோ தன் பாரத்தால் நிற்பதாகலின், ஒருமுறை நீர்மட்டத்திற்கு மேல் எழுந்துவிடின் வெள்ளம் அதன் தலைமேற் புரண்டோடினும் பெரிதும் அழியாது. இரைவ்ஸின் மண்ணணையை விடுத்துக் கல்லணையைக் கொண்டது தக்கதே என்பது எம் கருத்து.

பென்னிகுவிக் தம் மனைவியின் அணிகலன்களை விற்று அணையை முடித்தார் என மக்கள் கூறுவர். அவர் உழைப்பை மறுப்பார் யாருமிலர். ஆயினும் இஃது அரசாங்கப் பொருளால் எழுந்த வேலை. அக்கதையை நன்றிக் கடனாற் பிறந்ததெனக் கொள்ளலாமேயன்றி வரலாறெனக் கொள்ளலாகாது.

1895 அக்டோபரில் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். அடித்தளத்தினின்று அதன் உயரம் 176 அடி. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் ஏறத்தாழ 192 அடி. அக்கோபுரத்தினும் சிறிதே தாழ்ந்த உயரத்திற்கு 1,200 அடி நீளச் சுவரொன்றை ஆற்றின் குறுக்கே எண்ணிப் பார்க்க. இத்துணை உயரத்தில் கீழ்ப்பட்ட 104 அடி நீர் கிழக்கே வருவதன்று. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வாயில்வரை ஆற்றைத் தூக்கி நிறுத்துதலே அதன் பயன். அச்சுரங்கத்தின் நீளம் ஏறத்தாழ 5,700 அடி. அதன்வழி நீர் வைரவனாற்றிலும் சுருளியாற்றிலும் இழிந்து வைகையை அடைகின்றது. சுண்ணாம்புக் கலவையை நீர் நாளடைவில் அரிக்குமாகலின், 1979 முதற்கொண்டு சில ஆண்டுகள் கான்கிரீட்டுத் தலைப்பும் எஃகுவட நங்கூரங்களும் பின்புறச் சார்பும் இட்டு வலுப்படுத்தினர்.

கட்டுங்காலத்தில் நோயால் மாண்டார் தொகை அரசாங்கக் கணக்கின்படி 483. அணைக்கு வடபால் அவர்களைப் புதைத்த இடுகாடு காட்டினுள் உளது. எஞ்சினீயர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. குரம்பிட்டு மண்சுமந்த அக்கூலியாட்களிற் பெரும்பாலார் பெயர் அக்கணக்கிலே எண்ணாக மட்டுமே நிற்கின்றது.