துதிக்கும் உடல்: ஆர்க்காட்டு வட்டாரத்திலிருந்து ஒரு வரலாற்றுச் சிந்தனை

தை மாதத்து ஆற்றுத் திருவிழாவின்போது மணலூர்பேட்டையில் தென்பெண்ணையின் மணற்பரப்பு மக்களால் நிறைகின்றது. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கையில், கூப்பிய கரங்கள் தலைக்கு மேல் உயர்கின்றன. குரல்கள் ஒன்றாக எழும்புகின்றன. இறைவன்முன் உடலும் பேசவேண்டும் என்பது நம் நாட்டார் நன்கறிந்த உண்மை. நம் சபைகளிலோ, ஆராதனையில் கைதட்டலாமா, கரங்களை உயர்த்தலாமா, உரத்த குரலில் துதிக்கலாமா என்ற வினா அடிக்கடி எழுகின்றது. வரலாற்றின் துணைகொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

திருமறை இவ்வினாவிற்குத் தயக்கமின்றி விடை தருகின்றது. சங்கீதம் 47 கைகொட்டவும், 95 முழங்காற்படியிடவும், 134 கைகளை உயர்த்தவும், 149 நடனத்தோடு துதிக்கவும் அழைக்கின்றன. ஆதித் திருச்சபையும் அவ்வழியே நின்றது. ஏறத்தாழ கி.பி. 200இல் வாழ்ந்த தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்கள் கரங்களை விரித்து உயர்த்தி ஜெபிப்பதைக் குறிப்பிடுகின்றார். ரோமாபுரியின் நிலவறைக் கல்லறைச் சித்திரங்களிலும் இந்நிலையைக் காணலாம். 325ஆம் ஆண்டின் நிசேயா சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்காற்படியிடாது நின்றே ஜெபிக்கவேண்டும் என விதித்தது. உயிர்த்தெழுதலின் மகிழ்ச்சியை உடலின் நிலையும் அறிக்கையிட வேண்டும் என்பதே அதன் கருத்து.

தமிழ்நாட்டில் இவ்வினா வேறோர் உருக்கொண்டது. 1820களில் தஞ்சாவூருக்கு வந்த புதிய மிஷனெரிமார் செய்த மாற்றங்களை வேதநாயகம் சாஸ்திரியார் எதிர்த்தார். ஆராதனையில் தமிழ் இசைப்பாடல்களுக்கு இடம் மறுக்கப்பட்டது அவருடைய குறைகளுள் ஒன்று. அவ்வழக்கில் பின்வந்த காலம் அவர் பக்கமே நின்றது. 1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் சிறப்பிடம் பெற்றன. ஆயினும் அதே எதிர்ப்பில் சாஸ்திரியார் ஆலயத்தில் சாதி வேற்றுமையைக் காக்கவும் வாதாடினார் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. தமிழ்ப் பண்ணுக்காக எழுந்த அதே குரல், உடன் விசுவாசியோடு கலந்து அமர மறுத்தது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமை ஒழியவேண்டும் எனக் கட்டளையிட்டபோது, தஞ்சையில் பலர் அதற்கு இணங்கவில்லை.

இவ்விடத்தில் மணலூர்பேட்டை வட்டாரத்தின் வரலாறு நமக்குப் பொருளுடையதாகின்றது. லைப்சிக் மிஷனில் ஊழியம் செய்த கார்ல் ஓக்ஸ் ஐயர், சாதியைச் சமுதாய வழக்கமெனக் கருதிப் பொறுத்துக்கொண்ட அம்மிஷனின் போக்கிற்கு உடன்படாமல் பிரிந்தார். 1861இல் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் நிலையத்தை நிறுவினார். பின்னர் டேனிஷ் மிஷன் சங்கம் அவரோடு இணைந்தது. அவ்வூழியம் திருக்கோவிலூர், திருவண்ணாமலைப் பகுதிகளுக்கும் பரவி, ஆர்க்காடு லுத்தரன் திருச்சபையாக மலர்ந்தது. ஆராதனையில் யார் அருகே யார் அமர்வது, ஒரே பாத்திரத்தில் யார் யாரோடு பருகுவது என்ற வினாவே அத்திருச்சபையின் பிறப்பிற்குக் காரணமாயிற்று.

ஏறத்தாழ அதே காலத்தில், 1860இல், தெற்கே கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பன் உபதேசியாரின் ஊழியத்தில் எழுப்புதல் உண்டாயிற்று. மக்கள் உரக்க அழுதனர், தரையில் விழுந்தனர், பாவங்களை வெளிப்படையாக அறிக்கையிட்டனர், அந்நிய பாஷைகளிலும் பேசினர். மேலைநாட்டில் பெந்தெகொஸ்தே இயக்கம் எழுவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டிற்கு முன்னரே இவை நம் மண்ணில் நிகழ்ந்தன. ஆகவே உணர்ச்சி ததும்பும் துதியை நேற்று வந்த இறக்குமதி எனத் தள்ளுவது வரலாற்றிற்கு ஒவ்வாது. அன்று மிஷனெரிமார் சிலர் மகிழ்ந்தனர், சிலர் ஐயுற்றனர். வாழ்வில் விளைந்த கனியைக் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும் என்ற அளவுகோல் இன்றும் பொருந்தும்.

உயர்ந்த கரங்களை நாம் தடுக்கவேண்டியதில்லை. அமைதியாக நிற்பவரைக் குளிர்ந்தவர் எனப் பழிக்கவும் வேண்டியதில்லை. ஆயின் கல்லறைத் தோட்டத்திலும் சாதிச்சுவர் எழுப்பும் சபைகள் நம் நாட்டில் இன்றும் உண்டு. துதியில் உயரும் கரம் ஆலயத்திற்கு வெளியே சகோதரனின் கரத்தைப் பற்றத் தயங்குமாயின், அது பாதித் துதியே. உடல் முழுவதும் துதிக்கட்டும். அது அமரும் இடமும் துதியாகட்டும்.