பள்ளிக்கூடக் கட்டடங்களில் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்

வட மாகாணத்தின் முதலாவது அரச பல்கலைக்கழகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். திருநெல்வேலியில் அதன் பிரதான வளாகம் இருந்தாலும் கைதடி, மருதனார்மடம், கிளிநொச்சி அறிவியல்நகர் என அது பல இடங்களில் பரந்து கிடக்கிறது. கிடைத்த கட்டடங்களில் தொடங்கியதும், போர் அதன் வளர்ச்சியை இடைமறித்ததும் இதற்கான முக்கிய காரணங்கள்.

தமிழர் பகுதியில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை பழையது. அது திருகோணமலையில் அமையவேண்டும் என்று தமிழ்ப் பல்கலைக்கழக இயக்கம் வலியுறுத்தியது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், மருத்துவ, பொறியியல் பீடங்களில் தமிழ் மாணவர்களின் வாய்ப்பைக் குறைத்தபோது இந்தத் தேவை மேலும் கூர்மையடைந்தது. அரசாங்கம் யாழ்ப்பாணத்தைத் தெரிவு செய்தது. அதற்கு வரவேற்பும் இருந்தது, எதிர்ப்பும் இருந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் 1974 ஓகஸ்ட் 1 இல் நிறுவப்பட்டது. ஒக்ரோபர் 6 இல் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க அதனைத் திறந்து வைத்தார். முதலாவது தலைவராகப் பேராசிரியர் க. கைலாசபதி பொறுப்பேற்றார்.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களே வளாகத்தின் முதல் இருப்பிடம். அக்கல்லூரியின் சிவன் கோயில் இன்றும் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறது. விஞ்ஞான வகுப்புகள் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவுக் கட்டடங்களில் நடந்தன. மருதனார்மடத்தில் இயங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி 1975 இல் இணைக்கப்பட்டது. 1978 இல் தொடங்கிய மருத்துவ பீடத்துக்குக் கைதடி ஆயுர்வேத வைத்தியசாலைக் கட்டடம் இடம் கொடுத்தது.

1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ், 1979 ஜனவரி 1 இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. முதலாவது துணைவேந்தர் பேராசிரியர் சு. வித்தியானந்தன்.

பின்னர் வந்த போர் பல்கலைக்கழகத்தை நேரடியாகத் தாக்கியது. 1987 ஒக்ரோபரில் இந்திய அமைதி காக்கும் படையினர் ஹெலிகொப்டர்களில் வளாகப் பகுதியில் இறக்கப்பட, அங்கு கடும் மோதல் நடந்தது. அதே மாதம் 21 ஆம் திகதி, மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெறும் யாழ். போதனா வைத்தியசாலைக்குள் நோயாளர்களும் வைத்தியர்களும் பணியாளர்களும் கொல்லப்பட்டனர். 'முறிந்த பனை' நூலாசிரியர்களில் ஒருவரும் உடற்கூற்றியல் துறைத் தலைவருமான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் வெறிச்சோடியது. மக்கள் திரும்பிய பின்னரே விரிவுரைகள் மீண்டும் ஆரம்பித்தன.

1990 இல் கிளிநொச்சியை நோக்கி உருவான விவசாய பீடமும் போரால் திருநெல்வேலிக்கு வந்து, நீண்டகாலம் அங்கேயே இயங்கியது. போர் முடிந்த பின் அது மீண்டும் கிளிநொச்சிக்குச் சென்றது. அறிவியல்நகரில் 2013 இல் பொறியியல் பீடமும், 2016 இல் தொழில்நுட்ப பீடமும் ஆரம்பிக்கப்பட்டன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 இல் பிரிந்து தனிப் பல்கலைக்கழகமானது.

இன்று திருநெல்வேலியில் கலை, விஞ்ஞான, முகாமைத்துவ பீடங்களும் பிரதான நூலகமும் கைலாசபதி கலையரங்கும் உள்ளன. சித்த மருத்துவக் கல்வி கைதடியிலும், இசை, நடனக் கல்வி மருதனார்மடத்திலும் நடைபெறுகின்றன. இலவசக் கல்வியின் கீழ் நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் இங்கு வருகிறார்கள்.

இந்த வளாகம் நினைவுகூரலின் களமாகவும் இருக்கிறது. 2021 ஜனவரி 8 இரவு முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடித்தழிக்கப்பட்டபோது மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினர். சில நாட்களில் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டு, அதே ஆண்டு ஏப்ரலில் தூபி திறக்கப்பட்டது.

பல்கலைக்கழகம் எங்கே அமையவேண்டும் என்பது 1974 இன் விவாதம். இப்போதுள்ள கேள்வி வேறு. திருநெல்வேலியிலிருந்து 60 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள அறிவியல்நகர் மாணவருக்கும், பிரதான வளாக மாணவருக்குக் கிடைக்கும் அதே நூலகமும் விடுதியும் போக்குவரத்தும் கிடைக்கவேண்டும். போரில் அதிகம் இழந்த வன்னியில் பீடங்களை அமைத்ததன் பயன் அதிலேயே தங்கியிருக்கிறது.