குண்டுவீச்சும் குழந்தை உள்ளமும்

யுத்தங்களின் வரலாறு பெரும்பாலும் படைத்தலைவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இழந்த நிலத்தையும் மாண்டோர் தொகையையும் கணக்கிட்ட வரலாற்றாசிரியர், சின்னஞ்சிறு குழந்தையின் உள்ளத்து இழப்பைக் கருத்திற் கொண்டமை அரிது. இவ்வகையில் இரண்டாம் உலக மகாயுத்த காலப் பிரித்தானியாவின் அனுபவம் ஆராயத்தக்கதாகும்.

1939 செப்டெம்பர் 1ஆம் திகதி, யுத்தப் பிரகடனத்துக்கு இரு நாட்கள் முன்னரே, இலண்டன் முதலிய நகரங்களிலிருந்து பிள்ளைகளை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பும் பணி தொடங்கியது. சில நாட்களுள், தாய்மாரும் ஆசிரியரும் உட்பட, ஏறத்தாழ 15 இலட்சம் பேர் இடம்மாற்றப்பட்டனர். குண்டிலிருந்து உடலைக் காப்பதே திட்டத்தின் நோக்கம். உள்ளத்தின் காப்பு அதிற் போதிய இடம் பெறவில்லை. அவ்வாண்டு டிசெம்பரிலேயே ஜோன் போல்பி, எமானுவல் மில்லர், டொனால்ட் வினிகொட் ஆகியோர் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகைக்கு எழுதிய கடிதமொன்றில், இரண்டு முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளைத் தாயரின்றி அனுப்புவதன் ஆபத்தை எடுத்துக்காட்டினர்.

1940 செப்டெம்பர் 7ஆம் திகதி தொடங்கி 57 இரவுகள் இலண்டன்மீது தொடர்ச்சியாகக் குண்டுகள் வீழ்ந்தன. அதன் பின்னர் அன்னா புரொய்டும் டொரதி பேர்லிங்ஹாமும் ஹாம்ஸ்ரெட்டில் குழந்தைக் காப்பகங்களை நடத்தினர். அங்கு அவர்கள் கண்டது பலரும் எதிர்பாராததாகும். தாய் அமைதியாக அருகிலிருக்கையில், குண்டோசை குழந்தையைப் பெரிதும் பாதிக்கவில்லை; தாய் நடுங்கினாற் குழந்தையும் நடுங்கியது. தாயைப் பிரிந்ததே அதற்குப் பேரிடியாயிற்று.

இதனையுணர்ந்து, காப்பகத்தின் நடைமுறைகளும் வகுக்கப்பட்டன. தாயர் விரும்பியபோதெல்லாம் வந்து பார்க்க அனுமதிக்கப்பட்டனர். குழந்தைகள் சிறு சிறு 'குடும்பங்களாக'ப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு பணியாளரின் பொறுப்பில் விடப்பட்டது. முதலிற் பொறாமையும் அழுகையும் மிகுந்தன. ஆயினும் பேச்சும் நற்பழக்கங்களும் விரைவில் வளர்ந்தன. வீடு கட்டி, அதனைக் குண்டு போட்டுத் தகர்க்கும் விளையாட்டும் தடுக்கப்படவில்லை. சொல்லத் தெரியாத அச்சத்தைக் குழந்தை விளையாடியே ஆற்றிக்கொள்கிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அவ்வாறாயின் பிள்ளைகளை நகரிலேயே விட்டிருக்க வேண்டுமா? அவ்வாறு கூறுவது எளிதன்று. குண்டுவீச்சில் ஆயிரக்கணக்கான சிறுவர் மாண்டனர் என்பதும் வரலாறே. தவறு அனுப்பியதில் அன்று; பிரிவை ஒரு பொருட்டாகக் கொள்ளாததிலேயே இருந்தது. உலக சுகாதார நிறுவனத்துக்காகப் போல்பி எழுதிய 1951ஆம் ஆண்டின் அறிக்கை இவ்வுண்மையை உலகறியச் செய்தது.

அனர்த்த வேளையிற் குழந்தைக்குக் கூரையும் உணவும் இன்றியமையாதனவே. அவற்றோடு, அது அறிந்த ஒரு முகமும் அருகில் இருத்தல் வேண்டும் என்பதே ஹாம்ஸ்ரெட் புகட்டும் பாடமாகும்.