சலவைக் கணக்கில் பிறந்த அச்சு

பேரையூர் கடைவீதியில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு சாமி படக் காலண்டர் தொங்கும். அது தெற்கே சிவகாசியில் அச்சானது என்பது ஊரறிந்த விஷயம். அந்தக் காலண்டருக்கும், தலையும் வாலும் புரியாத நவீன ஓவிய அச்சுக்கும் பாட்டன் ஒருவனே: ஒரு சுண்ணாம்புக்கல்.

ஜெர்மனியின் மியூனிக் நகரத்து நாடகாசிரியர் அலாய்ஸ் செனஃபெல்டருக்குத் தன் நாடகங்களை அச்சிடக் கையில் காசில்லை. செப்புத் தகடு கட்டுப்படியாகாமல் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லில் எழுதிப் பழகினார். 1796-ல் ஒருநாள் சலவைக்காரி வாசலில் காத்திருக்க, துணிக்கணக்கை எழுதச் சொன்னார் தாய். தாள் அகப்படவில்லை. மெழுகு, சோப்பு, புகைக்கரி கலந்த மையால் கல்லிலேயே எழுதிவிட்டார். அதையே அச்செடுத்தால் என்ன என்ற யோசனை, இரண்டே ஆண்டுகளில் லித்தோகிராஃபியாக, நம் பேச்சில் கல்லச்சாக வளர்ந்தது.

சூத்திரம் எளிது: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. பிசுக்குள்ள மையால் வரைந்து, வேலம்பிசினோடு துளி அமிலம் கலந்து தடவி, ஈரப்பஞ்சால் துடைத்து, மை உருளையை ஓட்ட வேண்டும். வெற்றிடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையைத் தள்ளும். கோடு மையை வாங்கும். உளிக்கு வேலையே இல்லை. ஆனால் கல்லுக்குத் தரம் பிரிக்கத் தெரியாது. தவறிப்போய் விரல் பட்டால் கைரேகையும் சேர்ந்து அச்சாகிவிடும்.

1820களில் கல்லச்சு கல்கத்தாவுக்கு வந்தது. 1894-ல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கி, நிறத்துக்கு ஒரு கல் வைத்து, லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு அனுப்பினார். அவை விற்கவிற்க நகலெடுப்பவர்களும் பெருகினார்கள்.

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். தீப்பெட்டி வந்தால் லேபிள் வேண்டும். லேபிளுக்கு லித்தோ பிரஸ் வேண்டும். ஏற்கெனவே சுவீடன் லேபிள்களைப் பார்த்து ஜப்பான்காரர்கள் போட்ட நகல்கள் இந்தியச் சந்தையில் உலவிய காலம் அது. பிறகு காலண்டர் வந்தது. நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதிக் கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் அதற்குச் சாமி படம் எழுதினார்கள். நாடகக்காரர் கண்டுபிடித்த அச்சுக்கு மறுபடி நாடகத்திலிருந்தே ஆள் கிடைத்தார்!

அடுத்து துத்தநாகத் தகடு, ஆஃப்செட். சூத்திரம் அதே எண்ணெய், தண்ணீர்தான். கனத்த கல் மட்டும் வேண்டாததாயிற்று. தொழில் கைவிட்ட கல்லை ஓவியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் தத்யானா கிராஸ்மன் தன் வீட்டு முன் நடைபாதையில் பதித்துக் கிடந்த அச்சுக்கற்களைக் கண்டெடுத்து, 1957-ல் பட்டறை போட்டார். அங்கே ஓவியர் ராபர்ட் ரௌஷன்பெர்க் அச்செடுக்கும்போது கல் உடைந்தது. அவர் உடைந்த கல்லையே அச்சிட்டு, படத்துக்கு 'விபத்து' என்றே பெயர் வைத்தார். குறுக்கே வெள்ளையாகப் பிளவு ஓடும் அந்த அச்சு, 1963-ல் லியூப்லியானா அச்சுக்கலைக் கண்காட்சியின் முதல் பரிசை வென்றது. லேபிள் பிரஸ்ஸில் கழிவுத்தாளாகப் போயிருக்க வேண்டியது!

1960-ல் ஜூன் வெய்ன் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய டாமரிண்ட் பட்டறை, பின்னர் நியூ மெக்ஸிகோவுக்கு இடம்பெயர்ந்தது. 1991-ல் அங்கே உயர்நிலைக் கல்லச்சுப் பயிற்சிக்குப் போனவர், நம் பக்கத்துத் தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன். பறத்தல், அளவை, வரைபடம் என்று ஓடும் அவருடைய கோடுகளில் சாமியும் இல்லை, ஆசாமியும் இல்லை. ஒரு கை கடந்துபோன தடம் இருக்கிறது. கையைப் போலவே கல்லும் தடம் விடும்: அதன்மேல் நீர்த்த மையை ஊற்றினால், காயும்போது பாலாடை போலச் சுருங்கி நுண்ணிய வலை விழும். அதைத் தூரிகையால் போலி செய்வது கடினம்.

சென்னைப் பக்கம் போனால் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியை எட்டிப்பாருங்கள். அச்சோவியத்தின் அடியில் பென்சிலால் 5/20 என்று எழுதியிருந்தால், இருபது படிகளில் அது ஐந்தாவது. “என்ன படம் இது?” என்று கேட்கும் முன், கை எங்கே அழுத்தியது, மை எங்கே ஓடியது என்று பாருங்கள். பாதி படம் அதிலேயே புரிந்துவிடும்.