தறிக்குழியும் காற்றுப் பெட்டியும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பழைய குழித்தறி வீட்டுக்குள் நுழைந்தால், வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுமைதான். நெசவாளர் குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிக்கிறார். பாவு தரையை ஒட்டியே ஓடுகிறது. மண்ணின் ஈரம் இழைக்கு நேராகப் போய்ச் சேரும் ஏற்பாடு இது. நன்கு உலர்ந்த 100 கிராம் பட்டு, ஈரப்பதம் 65 விழுக்காடு உள்ள காற்றில் 11 கிராம் அளவுக்கு நீரை வாங்கி வைத்துக்கொள்ளும். அது குறைந்தால் இழை விறைக்கும், அச்சில் உரசி அறும். அறுந்ததைத் தேடிப் பிணைப்பதற்குள் அரை நாள் வேலை கெடும். ஆனி ஆடி மேல்காற்றில் நெசவாளர் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்பதில்லை. முதலில் சன்னலைச் சாத்துகிறார்.

இதே ஊர்ப் பட்டைச் சனவரியில் டொரண்டோவின் ஸ்கார்பரோவில் பார்த்தேன், பொங்கலன்று, ஓர் உறவினர் வீட்டில். எத்தனை முறை நீவிவிட்டாலும் கொசுவம் பாலியஸ்டர் உள்பாவாடையோடு ஒட்டிக்கொண்டது. கதவுக் குமிழைத் தொட்டால் விரலில் சுரீர். "இப்பல்லாம் பட்டுல கலப்படம்" என்றார் அவர். பட்டு என்ன செய்யும்? சுவரில் மாட்டியிருந்த ஈரப்பதமானி 19 காட்டியது.

அங்கே வீடுகள் காற்றுப் புகாதபடி கட்டப்படுகின்றன. அதனால் வெப்பத்தை வீணாக்காமல் காற்றை மாற்றித்தரும் எச்.ஆர்.வி. பெட்டி தேவைப்படுகிறது. கனடாவின் ரெஜைனாவில் 1977இல் கட்டிய ஆய்வு வீடு இதற்கு முன்னோடி. பெட்டி வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுத்துவிடும், ஈரத்தைக் கொடுக்காது. மைனஸ் 10 பாகைக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்றில் 2 கிராம் நீராவிதான் இருக்கும். அதை 21 பாகைக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் 10 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். மணிக்கு 100 கன மீட்டர் காற்றை மாற்றிக்கொண்டே வீட்டை 40 விழுக்காட்டில் வைக்க நினைத்தால், நாளொன்றுக்கு 12 லிட்டருக்கு மேல் நீர் வெளியே போகும்.

உறவினர் வாங்கியிருந்ததோ ஈரமூட்டும் கருவி. இரவெல்லாம் அது ஆவி விட, பெட்டி அதை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டைக் குடத்தில் நீர் சேந்திய கதை.

ஈரம் மிஞ்சினாலும் இரண்டு இடத்திலும் தொல்லைதான். ஐப்பசி மழையில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நிற்கும். ஈரக் குழியில் கால் வைத்தே காலம் கழித்தவர்களின் முழங்கால் வலி தனி. கனடாவில் சன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து, சட்டத்தில் பூஞ்சை கறுப்பாகப் படரும். கடுங்குளிரில் அங்கே 30 விழுக்காடே போதும்; காஞ்சிபுர அளவை எதிர்பார்க்கக் கூடாது.

என் கட்சி நெசவாளர் பக்கம்தான்: நீரைச் சேர்க்குமுன் காற்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியை நிறுத்திவிடாதீர்கள், சமையல் புகைக்கும் மூச்சுக்கும் அது வேண்டும். தேவைக்கு மேல் ஓடுகிறதா என்று பார்த்து வேகத்தைக் குறையுங்கள். பெட்டியை மாற்றும் காலம் வந்தால், ஈரத்தையும் ஓரளவு மீட்டுத்தரும் இ.ஆர்.வி. வகையைக் கேட்டு வாங்குங்கள். உள்பாவாடை பருத்தியாக இருக்கட்டும். அதற்குப் பிறகும் கொசுவம் ஒட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாம்.