வீட்டுக்குள் ஒரு மொழி

கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள். உள்ளேயிருந்து 'எவரு?' என்று குரல் வந்தால் அது தெலுங்கு வீடு. 'யாரு?' என்று வந்தால் அவசரப்பட்டுத் தமிழ் வீடு என்று தீர்மானித்துவிடாதீர்கள். கன்னடத்திலும் அது 'யாரு'தான். கதவு திறந்ததும் இந்த வேற்றுமையெல்லாம் மறைந்துபோகும். "வாங்க, வாங்க! உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று எல்லா வீட்டிலும் கொங்குத் தமிழ் மரியாதையோடு வந்து நிற்கும். வந்தவர் விடைபெற்றுப் போனபின் அடுப்பங்கரையில் பழைய பேச்சு தொடரும்.

நான் 'எவரு?' என்று கேட்கும் வீட்டில் பிறந்தவன். சூலூருக்குத் தெற்கே கரிசல் காட்டு நடுவில் எங்கள் ஊர். அடுத்தது நெசவாளர் தெரு, அங்கே கன்னடம். ஊரைச் சுற்றியிருந்த தோட்டத்துச் சாளைகளில் தமிழ். எங்கள் வீட்டில் 'பாலு', அடுத்த தெருவில் 'ஹாலு', சாளையில் 'பால்'. வீடு எங்களுக்கு 'இல்லு', நெசவாளருக்கு 'மனெ'. உப்பு மட்டும் மூன்று பேருக்கும் உப்பு.

பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் கேட்டான்: "நீங்கெல்லாம் எப்படா இங்க வந்தீங்க?" எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அவ்வாவைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? நான் கலியாணமாகி வந்தேன்" என்றாள் பாட்டி.

அவ்வாவுக்குத் தெரியாததைச் சரித்திரம் சொல்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் கொங்கு நாட்டில் போசள மன்னர்களின் அதிகாரம் நடந்தது. அவர்களுடைய தண்டநாயகர்கள் பவானி ஆற்றங்கரையில் ஒரு கோட்டை கட்டினார்கள். அதுவே தண்டநாயக்கன் கோட்டை. பிறகு விஜயநகரப் படைகள் வந்தன. 1529-ல் விசுவநாத நாயக்கரோடு மதுரையில் நாயக்கர் ஆட்சி தொடங்கிற்று. படைவீரர்களும், அவர்கள் பின்னால் உழவர்களும், நெசவாளர்களும், வணிகர்களும் தெற்கே இறங்கினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் கொங்கு மைசூர் மன்னர்கள் கைக்குப் போயிற்று. 1799-ல் திப்பு சுல்தான் விழும்வரை கன்னட நாட்டோடு போக்குவரத்து ஓயவில்லை. கொள்ளேகாலம் 1956 வரையில் பழைய கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த தாலுகாவாகவே இருந்தது என்பதை இன்று எத்தனை பேர் நினைக்கிறோம்?

வந்தவர்கள் இந்த மண்ணில் வேர்விட்டார்கள். கம்மவார் கரிசல் மண்ணில் பருத்தி போட்டார்கள். தேவாங்கர் கோவையிலும் நெகமத்திலும் தறி நெய்தார்கள். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை ஆரம்பித்த முதல் பஞ்சாலையைத் தொடர்ந்து, 1910-ல் லட்சுமி மில் போன்றவற்றை இந்த ஊர்க்காரர்களே நிறுவினார்கள். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. முதலாளி வீட்டில் தெலுங்கு, தொழிலாளி வீட்டில் தமிழோ கன்னடமோ மலையாளமோ. ஆனால் ஆலைச் சங்கு ஊதியபின் எல்லார் வாயிலும் 'ஏனுங்க' தான்.

விஜயதசமியன்று கோவையில் சௌடேசுவரி அம்மன் ஊர்வலத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது நன்றாக விளங்கும். தேவாங்க இளைஞர்கள் கையில் கத்தியோடு, "வேசுக்கோ, தீசுக்கோ!" என்று முழங்கி வருவார்கள். சொற்கள் தெலுங்கு. முழங்குகிறவர்களில் பலருக்கு வீட்டில் கன்னடம். வழிவிட்டு நின்று கைகூப்பும் தெருவோ தமிழ்த் தெரு.

2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேருக்குத் தெலுங்கும், 2 பேருக்குச் சற்றுக் குறைவாகக் கன்னடமும் தாய்மொழி. கோவைப் பக்கத்தில் இரண்டுமே இதைவிட அதிகம். ஆச்சரியம் என்னவென்றால், இவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மொழியின் எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடமும் பத்திரிகையும் இல்லாமல் நானூறு ஐந்நூறு வருஷங்கள் ஒரு மொழி எப்படிப் பிழைத்தது? பெண்கள் பிழைக்க வைத்தார்கள். கொண்டு கொடுத்த உறவுக்குள்ளேயே கலியாணம் நடந்தது. வந்த மருமகளும் அதே மொழியில்தான் தாலாட்டினாள்.

எங்கள் அத்தை உடுமலைப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு அவ்வா கடிதம் சொல்லுவாள், நான் எழுதுவேன். அவ்வா சொல்வது தெலுங்கு; என் பேனா எழுதுவது தமிழ். அங்கே அத்தையின் மகன் அந்தத் தமிழைத் தெலுங்காக்கித் தன் தாய்க்கு வாசித்துக் காட்டுவான். கடிதம் இரண்டு தடவை மொழி மாறியும் செய்தி கெடவில்லை. அந்தச் சாமர்த்தியத்தை நான் வெகுகாலம் பெருமையாக நினைத்திருந்தேன்.

அவ்வா காலமான பிறகு அத்தை அந்தக் கடிதங்களைக் கட்டாக என்னிடம் கொடுத்தாள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தேன். மழை, மாடு, பருத்தி விலை, மாப்பிள்ளையின் வயிற்றுவலி எல்லாம் இருந்தன. அவ்வாவின் குரல் இல்லை. அவள் வாயிலிருந்து வந்த ஒரு சொல்கூட அந்தக் காகிதங்களில் இல்லை. இருந்ததெல்லாம் என் பள்ளிக்கூடத் தமிழ்.

ஒரு முறை விஜயவாடாவில் ஒரு கடைக்காரரிடம் வாய் நிறையத் தெலுங்கு பேசினேன். "அரவமா?" என்று சிரித்தார். தமிழரைத் தெலுங்கர் அப்படிச் சொல்வது வழக்கம். இங்கே நாங்கள் வடுகர், அங்கே அரவர். அன்று கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்தபோது, எங்கள் பேச்சு ஆந்திராவின் பேச்சு அல்ல, இந்த மண்ணிலேயே விளைந்தது என்று புரிந்தது. அது தமிழுக்குப் பகையும் அல்ல. கி. ராஜநாராயணன் வீட்டிலும் தெலுங்குதான். தெற்கே வந்து குடியேறிய தம் முன்னோரின் கதையைக் 'கோபல்ல கிராமம்' என்று 1976-ல் தமிழில் அல்லவா தந்தார்? நானும் தமிழில்தான் எழுதுகிறேன். தமிழில்தான் கனவு காண்கிறேன்.

இந்த வீட்டு மொழிகளை இப்போது யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் போய்க்கொண்டிருக்கின்றன. தறிகள் நின்று தெருக்கள் கலைந்தன. உறவுக்கு வெளியேயும் கலியாணங்கள் நடக்கின்றன, நல்லதே. அவ்வாக்கள் கிராமத்தில் இருக்கிறார்கள். பேரக் குழந்தைகள் நகரத்து அடுக்குமாடியில் இங்கிலீஷ் பாடம் படிக்கின்றன. ஐந்நூறு வருஷம் நின்றது இரண்டு தலைமுறையில் சாய்கிறது.

தண்டநாயக்கன் கோட்டை இன்று பவானிசாகர் அணையின் நீருக்கடியில் கிடக்கிறது. அணை 1955-ல் முடிந்தது. நீர் வற்றும் வருஷங்களில் கோட்டைக்குள் இருந்த கோயில் வெளியே தெரியும். ஜனங்கள் போய்ப் பார்த்து வருவார்கள். பேசாமல் விட்ட மொழி எந்தக் கோடையிலும் அப்படி வெளியே வராது.

என் மகளுக்கு நான் பேசும் தெலுங்கு புரியும். பதில் மட்டும் தமிழில் வரும். மாலையில் நான் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "யாரு?" என்கிறாள். அதை மாற்ற எனக்கு உரிமையில்லை. ஆனால் பதில் சொல்வது என்னைப் பொறுத்ததல்லவா? "நேனே" என்றுதான் சொல்லிவருகிறேன். அவள் கதவைத் திறக்கிறாள்.