பூஸ்-பூஸ் வண்டியிலிருந்து ஆட்டோ வரை

போன மாதம் என் அக்காவைக் கோரிமேட்டுக்குக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். அவருக்கு வயது 82, எனக்கு 74. கிழவியைக் கிழவன் கூட்டிப்போன கதைதான். ஆட்டோ வாசலில் வந்து நின்றது. அக்கா வலது காலைத் தூக்கினார், எட்டவில்லை. இடது காலைத் தூக்கினார், முட்டி மடங்கவில்லை. பின்னால் நின்று தாங்கிப் பிடிக்கலாமென்றால் என் இடுப்பில் அதற்குத் தெம்பில்லை. கடைசியில் எதிர்வீட்டுப் பையன் ஓடிவந்து தூக்கி உட்காரவைத்தான். வண்டி கிளம்பியதும் அக்கா சொன்னார்: "தம்பி, தாத்தா சொல்லுவாரே பூஸ்-பூஸ் வண்டி, அது இருந்தா நாற்காலியில உக்கார்ற மாதிரி உக்காந்து போயிருக்கலாம்."

அன்று இரவு முழுக்க அந்த வண்டிதான் என் நினைவில் ஓடியது. பெரியவர்களை இந்த ஊர் எப்படியெல்லாம் ஏற்றி இறக்கியிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். அதை எழுதிவைக்கலாமென்று தோன்றியது.

பழைய காலத்திலிருந்து தொடங்குகிறேன். துய்ப்ளேக்ஸ் துரை காலத்தில் பல்லக்கு என்பது வெறும் வாகனமல்ல, அது ஒரு அந்தஸ்து. யார் ஏறலாம், எதுவரை ஏறிப் போகலாம் என்பதெல்லாம் கவர்னர் கொடுக்கும் மரியாதையைப் பொறுத்தது. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் கவர்னர் மாளிகைக்கு உள்ளேயே பல்லக்கில் போக அனுமதி இருந்தது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய அந்த மனிதர் கடைசிக் காலத்தில் நோயாளியாக இருந்து, 1761 ஜனவரியில், கோட்டை ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாள் முன்னால் கண்ணை மூடினார். அவருக்காவது பல்லக்கு இருந்தது. சாதாரண வீட்டுக் கிழவர் கிழவிக்கு என்ன இருந்திருக்கும்? வசதி உள்ளவர்களுக்கு மாட்டு வண்டி, முடியாதவர்களுக்கு மகனின் முதுகு. அதுவும் இல்லாவிட்டால் திண்ணைதான்.

அதற்குப் பின் வந்ததுதான் பூஸ்-பூஸ். பிரெஞ்சில் 'பூஸ்ஸே' என்றால் தள்ளுவது. மனிதன் இழுக்கும் ரிக்‌ஷா 1869 வாக்கில் ஜப்பானில் தோன்றியது என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் பூஸ்-பூஸ். வேடிக்கை என்னவென்றால், சைகோனில் அந்தப் பெயருள்ள வண்டியை முன்னால் நின்று இழுத்தார்கள். எங்கள் ஊரில்தான் பெயருக்கு ஏற்றபடி பின்னால் நின்று தள்ளினார்கள். உட்கார்ந்திருப்பவர் கையில் ஒரு நீளமான கைப்பிடி இருக்கும். அது முன் சக்கரத்தோடு சேர்ந்தது. வண்டியைத் திருப்புவது அவர் வேலை, தள்ளுவது ஆளின் வேலை. பழைய தபால் அட்டைப் படங்களில் தொப்பி வைத்த துரைகளும் குடை பிடித்த துரைசானிகளும் இப்படிப் போவதைப் பார்க்கலாம்.

இந்த வண்டி இங்கே எடுபட்டதற்குக் காரணம் ஊரின் அமைப்பு என்பது என் எண்ணம். 1693 முதல் 1699 வரை டச்சுக்காரர்கள் கையில் இந்த ஊர் இருந்தபோது போட்ட திட்டம்தான் இன்றைய நேர்கோட்டுத் தெருக்களுக்கு அடிப்படை. கடற்கரையிலிருந்து மேற்கே நடந்தால் ஏற்ற இறக்கம் அதிகமில்லை. சமதளமும் நேரான தெருவும் இருந்தால் தள்ளுவண்டிக்கு வேறென்ன வேண்டும்?

என் தாத்தா சைகோனில் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவர் கப்பலை விட்டு இறங்கிய கதையே தனி. புதுச்சேரிக்கு ஒதுங்கிய துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். சலங்கு என்ற படகில்தான் கரைக்கு வரவேண்டும். ஆணி அடிக்காமல், கயிற்றால் தைத்த பலகைப் படகு அது. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். 1866-இல் கட்டிய இரும்புப் பாலம் 1952 புயலில் போகும்வரை கடலுக்குள் நீண்டு நின்றது. படகிலிருந்து அந்தப் பாலத்தின் படியில் கால் வைப்பதற்கு அலை மேலே வரும் நொடியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டுமாம். "இளவட்டம் தாவிடும். கிழவனை ரெண்டு பேரு மூட்டை மாதிரி வாங்கிப்பாங்க" என்பார் தாத்தா. கரையில் ஏறியதும் வீட்டுக்குப் போக அவரைக் காத்திருந்தது பூஸ்-பூஸ்.

நான் விவரம் தெரிந்தபோது அது ஓய்ந்துவிட்டது. உறவுக்காரர் வீட்டுக் கொல்லையில் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. பிள்ளைகள் ஏறி விளையாடுவோம், அவ்வளவுதான். என் காலத்து வண்டி சைக்கிள் ரிக்‌ஷா. தாத்தாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரெஞ்சு பென்சன். அன்று அவரோடு ரிக்‌ஷாவில் போவது என் வேலை. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் காகிதத்தைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம். உண்மையில், இறங்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு தோள் வேண்டும். அதை அவர் வாயால் சொல்லமாட்டார். நான் என் தோளைக் கொஞ்சம் முன்னால் நீட்டி நிற்பேன். அவர் ஏதோ என்னைத் தட்டிக்கொடுப்பது போல அதில் கை வைத்து இறங்குவார். கூடப் போகும் பிள்ளைக்கு நான் கற்ற முதல் பாடம் அதுதான்.

ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு மீட்டர் கேஜ் ரயில் 1879 டிசம்பரில் வந்தது. சுமார் 38 கிலோமீட்டர். வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர் என்று நின்று நின்று போகும். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கை மாறும்வரை இந்தச் சின்னப் பயணத்துக்குள்ளே ஒரு நாட்டு எல்லை இருந்தது. சுங்கச் சோதனைக்காக மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். என் பாட்டி மயிலத்துக்குப் போய்வரும்போது மருந்துப் புட்டியைக்கூட எடுத்துக் காட்டியதாகச் சொல்வார்.

எல்லை போனபிறகும் வேறொரு சங்கடம் இருந்தது. சென்னைக்கோ திருச்சிக்கோ ரயிலில் போகவேண்டுமென்றால் விழுப்புரத்தில் வண்டி மாறவேண்டும். மேம்பாலப் படி ஏறி இறங்கி அடுத்த நடைமேடைக்குப் போகவேண்டும். பெரியவரை ஒரு கையிலும் பெட்டியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, அடுத்த வண்டி ஊதிவிடுமோ என்ற பயத்தோடு ஏறியவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். திண்டிவனம் வழியாகப் பஸ்ஸே மேல் என்று பலர் முடிவு செய்ததற்கு அந்தப் படிகளும் ஒரு காரணம்.

இப்போது சொல்லவேண்டியது என் சொந்தக் கணக்கு. 1980-களின் நடுவில் நான் ஒரு அரசு அலுவலகத்தில் பென்சன் பிரிவில் கிளார்க்காக இருந்தேன். ஒவ்வொரு நவம்பரிலும் பென்சன்காரர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று தரவேண்டும். எங்கள் ஊர்ப் பழையவர்கள் அதை 'செர்த்திஃபிகா த வீ' என்பார்கள். எங்கள் பிரிவு மாடியில் இருந்தது. 22 படிகள்.

ஒருநாள் ஒரு பையன் வந்தான். "சார், அப்பா கீழ ரிக்‌ஷாவுல இருக்காரு. பக்கவாதம். மேல வரமுடியாது" என்றான். "நேரில் வந்து கையெழுத்துப் போடணும், அதுதான் விதி" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் படியில் மூச்சிரைப்புக் கேட்டது. ரிக்‌ஷாக்காரர் பெரியவரை முதுகில் சுமந்து வந்தார். அவருக்கே ஐம்பதுக்கு மேல் இருக்கும். என் மேசைக்கு முன்னால் இறக்கிவைத்தார். வெள்ளை வேட்டி, மேலே பழைய கோட்டு. எப்படியோ கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு என்னிடம், "எக்ஸ்கூஸே முவா, மிசே" என்றார். தாமதமானதற்கு மன்னிப்பு. என்னிடம்!

ரிக்‌ஷாக்காரர் மட்டும் போகும்போது திரும்பிப் பார்த்து, "நீங்க எறங்கி வந்திருந்தா ரெண்டு நிமிசம் சார்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் விதியை எடுத்துப் படித்தேன். அலுவலர் ஆளை நேரில் பார்க்கவேண்டும் என்றுதான் இருந்தது. மாடியில்தான் பார்க்கவேண்டும் என்று எந்த வரியிலும் இல்லை. மறுநாளிலிருந்து கீழே ரிக்‌ஷா நிற்கிறது என்று யாராவது சொன்னால் பேனாவையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு நான் இறங்கினேன். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் செய்தேன். ஆனால் அந்தப் பெரியவர் மறு வருடம் வரவில்லை. அதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

காலம் மாறித்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லக்கூடாது. மனிதனை மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவைத் தமிழ்நாடு 1973-இல் ஒழித்தது. அது சரியான காரியம். என்னைச் சுமக்க இன்னொருவன் மூச்சிரைப்பதை நான் விரும்பமாட்டேன். மத்திய அரசு 2014-இல் ஜீவன் பிரமாண் கொண்டுவந்தது. விரல் ரேகை வைத்தால் போதும் என்றார்கள். வயதானால் ரேகையும் தேய்ந்துபோகிறது, இயந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை. 2021-இல் முகத்தைப் பார்த்தே பதிவு செய்யும் வசதி வந்தது. தபால்காரர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யும் ஏற்பாடும் இருக்கிறது. 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். அந்த 22 படிகளை ஒரு கைப்பேசி இல்லாமல் செய்துவிட்டது.

பறிபோனதும் உண்டு. ரயிலில் 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. கொரோனா வந்தபோது 2020 மார்ச் 20-ஆம் தேதி நிறுத்தினார்கள். கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. பணத்தைவிடக் கீழ்ப் படுக்கைதான் பெரிது என்பவர்களும் உண்டு. இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி. பெரியவர் தனியாகப் போவதில்லை. கூட ஒருவர் முழுக் கட்டணம் கொடுத்து, ஒருநாள் சம்பளத்தையும் விட்டுவிட்டுத்தான் வருகிறார்.

கோரிமேட்டிலிருந்து திரும்பிய மறுநாள் தச்சரிடம் சொல்லி, ஒரு சாண் உயரத்தில் அகலமான முக்காலி ஒன்று செய்தேன். கயிறு கட்டியிருக்கிறேன். அக்கா அதில் ஏறி, பிறகு ஆட்டோவில் ஏறுகிறார். உள்ளே உட்கார்ந்ததும் கயிற்றைப் பிடித்து முக்காலியை இழுத்து காலடியில் வைத்துக்கொள்ளலாம், யாரும் குனியவேண்டாம். வழக்கமாக வரும் ஆட்டோக்காரத் தம்பி நேற்று, "ஐயா, இதே மாதிரி ஒண்ணு என் வண்டிக்கும் செஞ்சு குடுங்க, மத்த சவாரிக்கும் ஆவும்" என்றார். தச்சரிடம் சொல்லிவிட்டேன்.

பூஸ்-பூஸில் ஏறிய அனுபவம் உள்ள பெரியவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். அந்தக் கைப்பிடியைத் திருப்புவது கஷ்டமா, சுலபமா என்று அக்கா கேட்கிறார்.